திண்டிவனத்துக்கு மாற்றல்

மூன்று வருடமாக ஒரே ஜெபம்தான், "ஆண்டவரே, நாகர்கோவில் பக்கம் ஏதாவது பேங்க் கிளைக்கு அனுப்பும்." சம்பா அரிசிச் சோறு கிடைக்காத ஊரெல்லாம் எனக்குப் பாபிலோன். அந்தப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றுதான் எரேமியா தீர்க்கதரிசி கடிதம் எழுதினார். நான் ஒரு ரோஜாத் தொட்டிகூட வாங்கவில்லை.

அமெரிக்க மிஷனரி வீட்டுப் பெண் ஐடா ஸ்கடருக்கும் இதே திண்டிவனத்தில் இருக்கப் பிடிக்கவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்தவர், திரும்பிப் போகிற நினைப்பிலேயே இருந்தார். ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, பிரசவத்தில் தவிக்கிற மனைவியைக் காப்பாற்றச் சொல்லி வந்து நின்றார்கள். அவருடைய அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இல்லை. அப்புறம் ஐடா போய் மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி மருத்துவமனை.

சரி, நான் ஐடா இல்லை. கவுன்ட்டரில் உட்காருகிறவள்.

நேற்று முதியோர் உதவித்தொகை எடுக்க ஒரு பாட்டி வந்தார். களை பறித்துப் பறித்து ரேகையே தேய்ந்த கட்டைவிரல், மெஷின் நான்கு தடவை மறுத்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தேன், இடது மோதிர விரலில் எடுத்துக்கொண்டது. பாட்டி என் கையை விடவில்லை.

"அடுத்த மாசமும் நீதான இருப்ப?"

"இருப்பேன் பாட்டி."

மாற்றல் விண்ணப்பம் இன்னும் டிராயரில் கிடக்கிறது.