குதிரையின் நடை, பிள்ளையின் இடுப்பு: ஒரு மலையக நாட்குறிப்பு

ஜனவரி 6

பெருமூளை வாதம் (மூளையில் ஏற்பட்ட சேதத்தால் தசை இறுகியோ தளர்ந்தோ போவது) உள்ள பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி நடத்திச் சிகிச்சை தரப் போகிறோம். மலையகத்தில் குதிரையைத் தேடிவிடலாம், சமதரையைத் தேடுவதுதான் பாடு. நுவரெலியாவில் கிரகறி வாவிக் கரையிலேயே சவாரி மட்டக்குதிரைகள் நிற்கின்றன. 20க்கு 40 மீட்டர் மட்டமான நிலம் எங்கே? தோட்டத்து விளையாட்டு மைதானம் கண்ணுக்கு மட்டமாகத்தான் தெரிந்தது. மேசன்மாரின் தண்ணீர்க் குழாயை வைத்துப் பார்த்தால் 40 மீட்டருக்குள் 110 சென்டிமீட்டர் இறக்கம்.

குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசைந்து, கொஞ்சம் திரும்பவும் செய்கிறது. மனிதர் நடக்கையில் இடுப்பு செய்வதும் கிட்டத்தட்ட அதுவே. பெருமூளை வாதம் உள்ள, நடந்தே பார்க்காத பிள்ளைக்கு அந்த அசைவு குதிரை வழியாக வருகிறது, மருந்தே அதுதான். இறக்கத்தில் உடம்பு முன்னே சாயும், ஏற்றத்தில் இடுப்பு பின்னே மடியும், சரிவுக்குக் குறுக்கே போனால் பிள்ளை ஒரு புட்டத்தில் உட்காரும். மேல்மூலையில் 20க்கு 20 பரவாயில்லை, 15 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அதை மட்டும் எடுத்துக்கொண்டோம். செம்மண் மழைக்குச் சவர்க்காரம் மாதிரி வழுக்கும் என்பதால் மேலே 5 சென்டிமீட்டர் ஆற்று மணல். அதற்கு மேல் கொட்டினால் குதிரையின் தசைநாருக்குக் கேடு.

ஜனவரி 9

குதிரையை நிறுக்கத் தராசு இல்லை, டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்று 140 சென்டிமீட்டர், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம் 125. சுற்றைச் சுற்றால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் 206 கிலோ. பொதுவாகச் சொல்வது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமை. ஆனால் சமநிலையில்லாமல் ஒரு பக்கம் தொங்கும் 30 கிலோ, நிமிர்ந்து உட்காரும் 40 கிலோவை விட முதுகை நோகடிக்கும். பிள்ளை, மெத்தை, பட்டி எல்லாம் சேர்த்து 30 கிலோவுக்கு மேல் இல்லை என்று கொப்பியில் எழுதியாயிற்று.

முதுகின் அகலமும் முக்கியம். தொடை இறுக்கமுள்ள பிள்ளைக்கு ஒடுங்கிய முதுகு வேண்டும். உடம்பு தளர்ந்த பிள்ளைக்கு அகன்ற முதுகு நல்ல அடித்தளம்.

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல் வந்தது, குதிரைக்காம். மனம் நோகாமல் மறுக்க வேண்டும். சோறும் சர்க்கரையும் சேர்ந்தால் குதிரைக்கு வயிற்றுக் குத்து வரும், குளம்புக்குள் அழற்சியும் வரும். கையால் ஊட்டிப் பழகிய குதிரை விரலைத் தேடும். விரல் மடங்கியே இருக்கும் பிள்ளைக்கு அது ஆபத்து. கரட் கொடுக்கலாம், வாளியில் போட்டு. வட்டமாக வெட்டினால் தொண்டையில் அடைக்கும், நீளவாக்கில் கீறுங்கள்.

ஜனவரி 21

யார் ஏறலாம் என்பதை ஆசை தீர்மானிக்காது, இடுப்பு எக்ஸ்ரே தீர்மானிக்கும். அசைவுத் திறனை ஐந்து படிகளாகப் பிரிப்பார்கள், ஐந்தாவதுதான் மிகக் கடுமை. ஐந்தாம் படியில் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டுப் பந்து கிண்ணத்தை விட்டு விலகத் தொடங்கியிருக்கும். முப்பது சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் எலும்பு வைத்தியர் பார்க்காமல் குதிரைக்குக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். அடங்காத வலிப்பு, கடுமையான முதுகு வளைவு, உட்காரும் இடத்தில் புண், அண்மையில் நடந்த சத்திரசிகிச்சை இருந்தாலும் இல்லை. கிளினிக் கொப்பியில் இயன் மருத்துவரின் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறோம். சில தாய்மாருக்குக் கோபம். வரட்டும்.

ஜனவரி 28

காலையில் புல்லில் உறைபனி. குளிர் தசை இறுக்கத்தைக் கூட்டும். ஏற்றுவதற்கு முன் பத்து நிமிடம் போர்வைக்குள் மடியில் வைத்திருந்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

ஹெல்மட்டுக்குள் கம்பளித் தொப்பி கூடாது, ஹெல்மட் ஆடும். உச்சிக் கொண்டையை அவிழ்த்துப் பிடரியில் தாழக் கட்டுங்கள். ஹெல்மட்டே அரைக் கிலோ வரும். முதலில் கதிரையில் வைத்துப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் தலையைத் தூக்கிப் பிடிக்க முடியாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் நேரம் வரவில்லை.

பெப்ரவரி 3

ஏற்றும் மேடை. குதிரையின் முதுகு 120 சென்டிமீட்டர், மேடை 75. சக்கர நாற்காலி ஏற 12க்கு 1 சாய்வு வேண்டும், அதனால் சாய்தளம் 9 மீட்டர். நீளம் அதிகம் என்று முறைப்பாடு வந்தது. பாதியாக வெட்டினால் தாயின் முதுகுதான் உடையும்.

ஏற்றுவதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. பிள்ளையின் இரண்டு முழங்காலையும் பிடித்து விரிப்பார்கள். விரித்த கணமே தொடை கத்தரிக்கோல் மாதிரிப் பூட்டிக்கொள்ளும், பிள்ளை பின்பக்கம் விறைக்கும், குதிரை காதை மடக்கும். செய்ய வேண்டியது வேறு. முதலில் பிள்ளையை மேடை விளிம்பில் உட்காரவைத்து இடுப்பையும் முழங்காலையும் நன்றாக மடக்க வேண்டும். மடங்கினால் இறுக்கம் தளரும். பிறகு தொடையை மேலே, இடுப்புக்குக் கிட்டப் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் உருட்ட வேண்டும், இழுக்கக் கூடாது. கால் தானாக வழிவிட்டதும் குதிரையின் கழுத்துக்கு மேலால் அந்தக் காலைக் கடத்தி, இடுப்பை மெத்தையில் இறக்கலாம். பின்பக்கமாகக் கடத்தினால் பிள்ளையின் உடம்பு முறுக்கும். அந்நேரம் குதிரையைப் பிடிப்பவர் அதன் முகத்துக்கு நேரே நிற்பார். மறுபக்கத்து ஆள் கீழே இல்லாமல் ஒரு பெட்டியில் ஏறி நிற்பார். கீழே நின்றால் பிள்ளை அந்தப் பக்கம் சரிகையில் கை எட்டாது.

"சீலைத் துண்டால குதிரையோட சேத்துக் கட்டிருங்களேன், விழாது" என்று ஒரு தாய் கேட்டார். கட்டவே கூடாதுங்கம்மா. குதிரை விழுந்தால் பிள்ளையும் அதோடு விழும், அடியில் மாட்டும். பிள்ளையின் இடுப்பில் கைப்பிடி வைத்த பட்டி இருக்கட்டும், குதிரையோடு எதுவும் கோர்க்க வேண்டாம்.

பெப்ரவரி 10

சேணம் இல்லை. கம்பளி மெத்தையும், குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் கைப்பிடி வைத்த பட்டியும்தான். மெத்தை வழியாகக் குதிரையின் சூடும் அசைவும் நேராகப் போகும். அங்கவடியும் இப்போது வேண்டாம். பாதத்துக்கு ஊன்ற ஏதாவது கிடைத்தால் விரல் நுனியால் உதைத்து உடம்பு விறைக்கும்.

பக்கத்துக்கு ஒருவர் நடப்பார்கள். முன்கை பிள்ளையின் தொடைக்கு மேலால் போய், விரல்கள் குதிரையின் பட்டியைப் பிடிக்கும். முழங்கை கீழே அழுத்தக் கூடாது, அழுத்தினால் அந்தப் பக்கத்து இடுப்பு நின்றுபோகும். கை தளர்ந்தால் மற்றவரிடம் சொல்லிவிட்டு ஒருவர் ஒருவராக மாறுங்கள், இருவரும் சேர்ந்து கையை எடுக்க வேண்டாம். குதிரையைக் கொண்டுபோகிறவர் அதன் கழுத்தருகே நடக்க வேண்டும். முன்னால் போய் இழுத்தால் குதிரை தலையைத் தூக்கும், முதுகு பள்ளமாகும், அசைவு செத்துவிடும்.

பின்னங்கால் ஊன்றுவதை எண்ணினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100. இறுக்கமுள்ள பிள்ளைக்கு நீளமான, ஒரே சீரான அடி. தளர்ந்த பிள்ளைக்கு நிறுத்தி நிறுத்தி நடத்தினால் முதுகுத் தசை வேலை செய்யும். முதல் நாள் 10 நிமிடம், பிறகு 20, அதிகபட்சம் 30. கால்விரல் கூராக நீண்டாலும், கை முஷ்டியானாலும், தலை ஒரு பக்கம் விழத் தொடங்கினாலும் அன்றைக்குப் போதும்.

பெப்ரவரி 12

நேற்று இடப்பக்க வட்டம் மட்டுமே. இரண்டு பக்கமும் சமமாகச் சுற்ற வேண்டும், பிள்ளைக்கும் குதிரைக்கும்.

பெப்ரவரி 24

"குணமாகுமா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். மூளையில் ஏற்பட்ட சேதம் மாறாது. 2003இல் 15 பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் 8 நிமிடக் குதிரை நடைக்குப் பிறகு இருபக்கத் தசைகளும் முன்னை விடச் சமமாக வேலை செய்தன. அசையாத பீப்பாயில் உட்கார்ந்தவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. 2015இல் கொரியாவில் 92 பிள்ளைகள், கிழமைக்கு இரண்டு முறை 30 நிமிடம், 8 கிழமை: அசைவுத் திறன் கூடியது. அதற்கு முன், 2009இல் அவுஸ்திரேலியாவில் 99 பிள்ளைகளோடு 10 கிழமை நடந்த ஆய்வில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. கொரியாவில் நடந்தது சிகிச்சையாளர் கையில் நடந்த சிகிச்சை, அவுஸ்திரேலியாவில் நடந்தது சவாரி வகுப்பு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் இத்தனை குழப்பம். கிளினிக்கை நிறுத்திவிட்டு இங்கே வர வேண்டாம் என்று ஒவ்வொரு தாயிடமும் சொல்லியாகிறது.

மார்ச் 12

பின்னேர இடி தொடங்கிவிட்டது. இனி ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மட்டும். லாயத்தில் ஈரம், வலது பின்னங்குளம்பின் நடுப் பள்ளத்தில் கறுப்புப் பசையும் நாற்றமும்: அழுகல். தினமும் சுரண்டிக் காயவைக்க வேண்டும். நொண்டும் குதிரையின் அடி ஒரு பக்கம் குட்டை, அந்தக் கோணல் அப்படியே பிள்ளைக்குப் போகும், ஆறும்வரை ஓய்வு.

அவசரமாக இறக்குவதை 20 கிலோ மாச் சாக்கை வைத்துப் பழகுகிறோம். தகரக் கூரையில் மழை அறைந்து குதிரை சும்மா காதைத் திருப்பினால் பிள்ளை மேலேயே இருக்கட்டும், அதுதான் பத்திரம். குதித்தால் மட்டும் இறக்கு. பிடிப்பவர் நிறுத்துவார், இடப்பக்கத்தவர் சத்தமாகச் சொல்லி இடுப்பைச் சுற்றி அணைத்துத் தன் பக்கம் எடுப்பார், வலப்பக்கத்தவர் காலைத் தள்ளி விட்டுவிடுவார். இருவரும் இழுத்தால் பிள்ளை நடுவில் கிழிபடும். எடுத்தவர் குதிரையை விட்டு நாலு எட்டு விலக வேண்டும். இன்றைக்குச் சாக்கு இறங்க 9 விநாடி, ஒரு தரம் இருவரும் இழுத்துவிட்டார்கள். நாளைக்கு மறுபடி.