பங்கு டிராஃப்ட் போட்டியில் எதை முதலில் எடுப்பது?

எங்கள் வணிகவியல் துறை நடத்திய பங்குத் தேர்வுப் போட்டியில் எங்கள் அணி பரிசு வாங்கியதிலிருந்து ஜூனியர்கள் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எந்தப் பங்கை எடுக்கலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "பங்கு எடுக்கும் வரிசைக்கான குலுக்கலில் உங்களுக்கு எத்தனையாவது இடம்?"

விதி இதுதான். தேசியப் பங்குச் சந்தையின் 50 பெரிய நிறுவனங்கள் கொண்ட நிஃப்டி 50 பட்டியலிலிருந்து அணிகள் மாறி மாறிப் பங்குகளை எடுக்க வேண்டும், இதைத்தான் டிராஃப்ட் என்கிறோம். ஒரு அணி எடுத்ததை இன்னொரு அணி தொட முடியாது. எட்டு அணிகள், அணிக்கு ஐந்து பங்குகள் என்று வையுங்கள். முதல் சுற்று ஒன்றிலிருந்து எட்டு வரை போகும், அடுத்த சுற்று எட்டிலிருந்து திரும்பி வரும். முதல் இடத்து அணி ஒரு பங்கை எடுத்த பிறகு 16ஆவது தேர்வு வரை காத்திருக்க வேண்டும். நடுவில் 14 பங்குகள் போய்விடும். கடைசி அணிக்கு 8, 9 இரண்டும் அடுத்தடுத்துக் கிடைக்கும்.

அதனால் பிடித்த பங்குகளை எழுதி வைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும், இது போய்விட்டால் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும் பங்கு எது என்று எழுதுங்கள். வங்கிகள் ஏறும் என்று நம்புகிறீர்களா? ஹெச்டிஎஃப்சி போனால் ஐசிஐசிஐ இருக்கிறது, அதுவும் போனால் ஆக்சிஸ், ஸ்டேட் பேங்க். ஐடியிலும் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், ஹெச்சிஎல் டெக் என்று வரிசை நீளும். ஆனால் தொலைத்தொடர்பு என்றால் பார்தி ஏர்டெல் ஒன்றுதான். நகை, கைக்கடிகாரம் என்றால் டைட்டன். அந்தத் துறைகளில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் அவற்றை முதல் சுற்றிலேயே எடுங்கள், வங்கி மூன்றாம் சுற்றிலும் கிடைக்கும். எங்கள் அணி ஜெயித்ததற்கு முக்கியக் காரணம் இந்த ஒரு பழக்கம்தான் என்று உறுதியாகச் சொல்வேன். நிஃப்டி பட்டியல் மார்ச், செப்டம்பர் கடைசியில் மாறக்கூடும், ஆகவே பழைய பிரிண்ட்அவுட்டை நம்ப வேண்டாம்.

அப்புறம், மதிப்பெண் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று டிராஃப்டுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சதவீத மாற்றமா, ரூபாய் லாபமா? டிவிடெண்ட், அதாவது நிறுவனம் பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபம், சேருமா? சேராது என்றால், போட்டி நாட்களுக்குள் எக்ஸ்-டேட் (அன்றிலிருந்து வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடைக்காத நாள்) வரும் பெரிய டிவிடெண்ட் பங்கைத் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் அன்று விலை பொதுவாக அந்த அளவுக்கு இறங்கித்தான் தொடங்கும். போனஸ் பங்கு, அதாவது கையில் இருக்கும் பங்குக்கு இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு, வந்தால் கணக்கு எப்படி என்பதும் முக்கியம். 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தபோது பங்கு விலை ஏறக்குறைய பாதியானது. அதைச் சரிசெய்யாத எக்செல் ஷீட்டில் பாதிப் பணம் போனது போலவே தெரியும்.

நிறுவனங்கள் லாப நஷ்டக் கணக்கை வெளியிடும் காலாண்டு முடிவுத் தேதிகளையும் பார்த்துவிடுங்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் டிசிஎஸ் பெரும்பாலும் முன்னதாகவே முடிவை வெளியிடும். குறுகிய போட்டியில் பெரிய ஏற்ற இறக்கம் வருவது இப்படிப்பட்ட நாட்களில்தான். முதல் பரிசு மட்டுமே இலக்கு என்றால் ஒரே துறையில் இரண்டு மூன்று பங்குகளைக் குவிப்பதில் தவறில்லை, எல்லாத் துறையிலும் ஒவ்வொன்றாக எடுத்தால் நடு இடத்தில்தான் நிற்பீர்கள். சொந்தக் காசைப் போடும்போது இப்படிச் செய்யவே செய்யாதீர்கள்.

இன்னொன்று. கல்லூரிக்குள் பணம் கட்டாமல் நடக்கும் போட்டி வேறு, நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு பரிசு தருவதாகச் சொல்லும் ஆப் வேறு. பட்டியலிட்ட நிறுவனங்களின் பங்கு விலையை வைத்து நடக்கும் விர்ச்சுவல் டிரேடிங், ஃபேன்டஸி விளையாட்டுகள் சட்டத்துக்கு உட்பட்டவை அல்ல என்று 2024 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே எச்சரித்திருக்கிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பல போட்டிகளில் நடுவர்கள் "ஏன் இந்தப் பங்கு?" என்று கேட்பார்கள். "நல்ல கம்பெனி சார்" என்றால் மதிப்பெண் விழாது. காரணம், விளைவு இரண்டையும் சொல்லுங்கள். கச்சா எண்ணெய் விலை குறைந்தால் ஏசியன் பெயின்ட்ஸுக்கு மூலப்பொருள் செலவு குறையும். ரூபாய் மதிப்பு இறங்கினால், டாலரில் சம்பாதிக்கும் ஐடி நிறுவனங்களுக்கு ரூபாயில் வருமானம் கூடும். எங்களிடம் வந்த கடினமான கேள்வி வட்டிக் குறைப்பைப் பற்றியது. 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்கு அது குறுகிய காலக் கடன் தரும் வட்டி) 6.5 சதவீதத்திலிருந்து 5.5 ஆக்கியது. உடனே வங்கிகளுக்கு லாபம்தானே என்றுதான் தோன்றும். ஆனால் வீட்டுக் கடன் போன்றவை பெரும்பாலும் ரெப்போவோடு இணைந்திருப்பதால் கடன் வட்டி சீக்கிரம் இறங்கும். ஏற்கெனவே வாங்கிய டெபாசிட்டுக்கு முதிர்வு வரை பழைய வட்டியையே கொடுக்க வேண்டும். அதனால் சில காலாண்டுகளுக்கு வங்கியின் வட்டி லாபம் சுருங்கலாம். எங்கள் அணித் தோழி இதைப் பலகையில் எழுதிக் காட்டினாள், நடுவர் அதற்கு மேல் வங்கிகளைப் பற்றிக் கேட்கவில்லை.