தூத்துக்குடியிலிருந்து உச்சிப்புளிக்கு

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து, உச்சிப்புளியில் உள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் வரை வானில் அளந்தால் சுமார் 66 நாட்டிகல் மைல். கிலோமீட்டரில் 123 வரும். கணினியில் இரண்டு பெயரைத் தட்டினால் யாருக்கும் கிடைத்துவிடும் எண் இது. ஹெலிகாப்டர் நிறுவனம் ஒன்றில் பயணத் திட்டம் போடும் டிஸ்பாட்சராக இருந்த காலத்தில் இந்தத் தடத்துக்கு நான் திட்டம் போட்டிருக்கிறேன். வரைபடத்தில் இவ்வளவு எளிதாகத் தெரியும் தடம் அவ்வளவு யோசிக்க வைக்கும் என்று அதற்கு முன் நினைத்ததில்லை.

அந்த நேர்கோட்டை வரைந்து பாருங்கள். தூத்துக்குடி நகரத்தின் மேலாகப் போய், கடலுக்குள் இறங்கிவிடும். கரை உள்வாங்கி வளைந்து கிடக்க, கோடு மன்னார் வளைகுடாவை அறுத்துக்கொண்டு ஓடும். வேம்பாருக்கு நேரே வரும்போது கரை கிட்டத்தட்ட பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். பிறகு நல்லதண்ணித் தீவை ஒட்டிச் சென்று, கீழக்கரைக்குப் பக்கத்தில்தான் மறுபடி தரையை நெருங்கும். ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டர் ஆயிரம், இரண்டாயிரம் அடி உயரத்தில் போகும்போது எஞ்சின் நின்றால், சுழலும் இறக்கையின் வேகத்தைக் கொண்டு ஓரிரு கிலோமீட்டர் சறுக்கி இறங்கலாம். பதினைந்து கிலோமீட்டர் சறுக்க முடியாது.

எங்கள் மூத்த கேப்டன் ஒருவர் முதல் திட்டத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, வேம்பார் மேல ஒரு புள்ளி வச்சு மடக்கிப் பாருங்க, எவ்வளவு கூடுதுன்னு சொல்லுங்க" என்றார். மடக்கினேன். தருவைக்குளம் கரையோரமாக வேம்பார் வரை ஒரு கோடு. அங்கிருந்து சாயல்குடிப் பக்கம், ஏர்வாடி, கீழக்கரை ஓரம் வழியாக உச்சிப்புளிக்கு இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்து 68 நாட்டிகல் மைல்தான். கூடியது இரண்டே மைல். 120 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 120 நாட்டிகல் மைல் வேகத்தில், ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்தால் வழி முழுக்கக் காலுக்குக் கீழே உப்பளமும் பொட்டலும் பனங்காடும் இருக்கும். எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். சுற்றுவழி என்றால் நேரம் வீண் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. வளைவு ஆழமில்லாத இடத்தில் அந்தக் கணக்கு அநேகமாகப் பொய்.

இந்த வழிக்கும் ஒரு விலை உண்டு. சாயல்குடிக்கு அப்பால் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. மழைக்குப் பிறகு கண்மாய் நிரம்பினால் கூழைக்கடாக்கள் கூட்டமாக வந்து தங்கும். வெயில் ஏறியதும் சூடான காற்றில் வட்டமிட்டு நாம் பறக்கும் உயரத்துக்கே வந்துவிடும். அந்த மாதங்களில் கிளம்பும் நேரத்தைக் காலையிலேயே வைக்கச் சொல்வேன். கடல்வழியை விட்டதில் எனக்கு வேறொரு நிம்மதியும் இருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. தாழப் பறந்து அங்குள்ள பறவைகளைக் கலைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

போய்ச் சேரும் இடம் ராணுவத் தளம் என்பதால் தூரத்தைவிடத் தாள்கள் அதிகம். கடற்படையின் முன் அனுமதி வேண்டும். பறக்கும் நாளில் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும், சென்னை விமானத் தகவல் மையத்தின் எண்ணும் வாங்க வேண்டும். இதை வெறும் சம்பிரதாயம் என்று சலித்துக்கொள்பவர்களை நான் ஏற்பதில்லை. பருந்து 2009-ல் முழுத் தளமாகத் தொடங்கப்பட்டது. 2012-லிருந்து ஆளில்லா விமானங்களுக்கென்றே ஒரு படைப்பிரிவு அங்கே இயங்குகிறது. ஆளில்லாத விமானம் ஜன்னல் வழியே நம்மைப் பார்த்து விலகாது. அதற்கும் நமக்கும் நேரத்தையும் உயரத்தையும் பிரித்துக் கொடுப்பது அந்தத் தாள்கள்தான். கிழக்கே கொஞ்சம் போனால் இலங்கையின் எல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் தளத்தின் அட்சரேகை 9.32 பாகையை 9 பாகை 32 நிமிடம் என்று படிவத்தில் நிரப்பியிருந்தான். ஒரு பாகைக்கு அறுபது நிமிடம் என்பதால் சரியானது 9 பாகை 19 நிமிடம். அந்தப் பதின்மூன்று நிமிட வித்தியாசம் பதின்மூன்று நாட்டிகல் மைல் வடக்கே, தேவிபட்டினத்துக்கு அப்பால் பாக் விரிகுடாவில் கொண்டுபோய் விட்டுவிடும். தீர்க்கரேகையையும் அதே போல 78 பாகை 97 நிமிடம் என்று போட்டிருந்ததால் பார்த்தவுடன் பிடிபட்டது. அறுபதுக்கு மேல் நிமிடம் கிடையாதே. அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அதன் பிறகு எந்தப் புள்ளியையும் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுவது என்று இருவரும் வைத்துக்கொண்டோம்.

மிச்சம் காற்று. ஆடியில் கச்சான் எழும்பி 20 நாட் வேகத்தில் தென்மேற்கிலிருந்து அடித்தால், போகும்போது முதுகில் தள்ளும்; அரை மணிக்குள் உச்சிப்புளி. திரும்பும்போது அதுவே முகத்தில் அடிக்கும். நாற்பது நிமிடம் பிடிக்கும். தளத்தின் எரிபொருளை நம்பித் திட்டம் போடக் கூடாது என்பதால் இரண்டு பக்கத்துக்கும் இங்கிருந்தே நிரப்ப வேண்டும். வானிலை மோசமானால் ஒதுங்க மதுரைதான். அதுவும் அங்கிருந்து 60 நாட்டிகல் மைல், கிட்டத்தட்ட வீடு திரும்பும் தூரம். அதனால் திரும்பக் கிளம்ப வேண்டிய கடைசி நேரத்தைப் படிவத்தின் தலையிலேயே பெரிதாக எழுதிவிடுவேன். ஆடி மாதமென்றால் மாலை 5.30. கூட்டத்துக்குப் போன அதிகாரிகள் அதற்குள் வராவிட்டால் ராமநாதபுரத்தில் அறை போட்டுக்கொண்டு மறுநாள் காலையில் வரட்டும் என்று கேப்டனிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புவேன். சில முறை அப்படித் தங்கியும் இருக்கிறார்கள்.