ஆள் இல்லையா, வர வழியில்லையா?

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் உள்ள எந்த வீதியில் நடந்தாலும் ‘ஓவர்லாக் டைலர் தேவை, செக்கிங் பெண்கள் தேவை’ என்ற பலகையைக் காணலாம். 2020 ஊரடங்கில் வடமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பியபோதும், 2023 மார்ச்சில் வதந்திகளுக்கு அஞ்சிப் பலர் புறப்பட்டபோதும், அவர்களின்றி இங்கு இயந்திரங்கள் ஓடாது என்பது தெளிவாகத் தெரிந்தது. அதன் பிறகும் பீகாரிலும் ஒடிசாவிலும் ஆள் தேடுகிறோமே தவிர, வேலையை விட்டுவிட்டு அடுத்த வீட்டிலேயே இருக்கும் பெண்கள் ஏன் நின்றார்கள் என்று கேட்பதில்லை. இது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

எங்கள் எதிர்வீட்டு அக்கா எட்டு ஆண்டுகள் ஓவர்லாக், அதாவது துணியின் ஓரங்களை இணைத்துத் தைக்கும் மெஷினில் தைத்தவர்; இரண்டாவது குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டார். இப்போது ஸ்கூட்டரில் வந்து இறங்கும் மூட்டையைப் பிரித்து, பீஸ் கணக்கில் பிசிறு வெட்டுகிறார். வெட்டி முடித்த டி-சர்ட் குவியலின்மேல் குழந்தை தூங்குகிறது. “காத்தால எட்டரைக்குப் போயி ராத்திரி எட்டரைக்கு வந்தா, இவளை ஆருங்க பாக்கறது?” என்றார். ஒன்றரை ஷிப்ட் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது பன்னிரண்டு மணி நேரம். கைதேர்ந்த ஒரு டைலரை வீட்டில் உட்கார வைத்திருப்பது அந்த நேரக் கணக்குதான்.

முப்பது பெண்களுக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 1976ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்தே சொல்லிவந்தது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கு சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்றது மகப்பேறு பயன் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம். ஆனால் இருபது மெஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, செய்யும் சிறு கம்பெனிகள் இந்த எண்ணிக்கைகளுக்குள் வருவதே இல்லை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவு குறைந்தது உண்மை. குழந்தையை விட்டுச்செல்ல இடம் கிடைத்துவிடவில்லை.

தனித்தனியாக முடியாததைச் சிறு கம்பெனிகள் சேர்ந்து செய்யலாம். எங்கள் வீதியில் ஆறு கம்பெனிகளும் காலியாகக் கிடக்கும் ஒரு குடோனும் உள்ளன. அதில் தொட்டில் கட்டி, ஓர் ஆயாவை நியமித்து, தாய்மார்களுக்கு மட்டும் மாலை ஐந்தரையோடு ஷிப்டை முடித்துக்கொள்ளலாம் என்று ஓர் உரிமையாளரிடம் சொன்னேன். ஆயாவுக்குச் சம்பளம் யார் தருவது என்று கேட்டார். வடமாநிலத்திலிருந்து வரும் ஒவ்வொரு ஆளுக்கும், அழைத்துவரும் ஏஜெண்டுக்குக் கொடுக்கும் கமிஷனையும், அந்த ஆள் மூன்றே மாதத்தில் ஊருக்குப் போய்விட்டால் மீண்டும் கொடுக்கும் கமிஷனையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன்.