இடத்தில் பணம் போடுமுன் எங்கே படிப்பது?

மனை, தோட்டம் என்று முதல்முறை பணம் போடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நிலத்தில் பணம் போடுவது எப்படி என்று ஹோட்டல் ஹாலில் நடத்தும் இரண்டு நாள் வகுப்புக்குப் பணம் கட்டுமுன், ஏதாவது ஒரு இடத்தின் காகிதங்களை அடியிலிருந்து நுனிவரை படியுங்கள். வாங்கப்போகும் இடமாக இருக்க வேண்டியதில்லை, அப்பா வீடோ மாமாவின் ஊர்க்காடோ போதும்.

வில்லங்கத்தை, அதாவது அந்த இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரத்தை, பதிவுத்துறைத் தளத்திலேயே பார்க்கலாம். பட்டா, அ-பதிவேடு (சர்வே எண்வாரியாக நில விவரம் எழுதிய பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) எல்லாம் வருவாய்த்துறையின் இ-சேவை தளத்தில் கிடைக்கும். மூலப்பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பெயர் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கேயாவது இடிக்கும். 1980-களில் நில ஆவணங்களைப் புதுப்பிக்க நடந்த யுடிஆரில் பட்டா வேறு ஆள் பெயருக்குப் போய், இன்றுவரை திருத்தாமல் கிடக்கும் இடங்கள் நம் பக்கத்தில் உண்டு. வில்லங்கத்தில் ஒன்றுமில்லை என்று நிம்மதியாகிவிடவும் கூடாது, பதிவு செய்யாத உயிலும் ஒப்பந்தமும் அதில் வராது.

எனக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் மதுரை ஒத்தக்கடைப் பக்கம் இருந்த வயதான பத்திர எழுத்தர் ஒருவர். பழைய பத்திரம் வந்தால் முதலில் விலையைப் பார்க்கமாட்டார், நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதிய நான்கெல்லையில்தான் விரலை வைப்பார். ஒருமுறை வடக்கெல்லையில் "கண்மாய் வாய்க்கால்" என்று இருந்தது. விற்க வந்தவர்கள் கொடுத்த லேஅவுட் படத்தில் அதே இடத்தில் 23 அடி ரோடு. புலப்படத்தை எடுத்து வாய்க்காலைக் குறிக்கும் இரட்டைக் கோட்டைக் காட்டி, "தண்ணி எங்க போகும், சொல்லுங்க தம்பி"ன்னு கேட்டார். அந்த ஒரு கேள்வி எந்த வகுப்பிலும் வராது. வாய்க்கால் புறம்போக்கு என்றால் ரோடு போட்டாலும் அது அரசு இடம்தான். அதனால்தான் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் மனை பார்க்கிறவர்களை ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்த மறுநாள் போய் நின்று தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள் என்கிறேன்.

அப்புறம் சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு அடுக்குமாடி வீட்டுக்கு மேலோ போகும் திட்டம், மனை, வீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ரெரா ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அப்படிப் பதிவான திட்டத்தில் ஒப்பந்தம் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. அங்கீகாரமில்லாத மனையை வரன்முறை செய்ய, அதாவது பிறகு சட்டப்படி ஏற்றுக்கொள்ள, 20.10.2016 அன்றோ அதற்கு முன்போ விற்பனை நடந்ததா என்று பார்ப்பார்கள், அதையும் படித்து வையுங்கள்.

செலவை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 20 லட்சத்துக்கு வாங்கினால் 1,80,000 அங்கேயே போய்விடும், புரோக்கர் கமிஷன் தனி. விலை அந்த அளவு ஏறினால்தான் போட்ட காசே திரும்பும். "ஒரே வருஷத்தில் டபுள்" என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதே இல்லை, எனக்கு அதில்தான் கோபம்.

சரி, வகுப்புக்கே போகக்கூடாதா? போகலாம். பணம் கட்டுமுன் உங்கள் வீட்டுப் பத்திரத்தையும் வில்லங்கத்தையும் நடத்துகிறவர் கையில் கொடுத்து, உங்கள் முன்னால் வரிவரியாக விளக்கச் சொல்லுங்கள். தயங்காமல் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அவரிடம் தாராளமாகச் சேருங்கள்.