பெட்டிக்குள் 16 பேர்

எங்கள் பள்ளித் திரைப்படக் கழகம் ஒவ்வொரு படத்துக்கும் ரோனியோ இயந்திரத்தில் பிரதியெடுத்த ஒரு தாள் தரும். வழக்கமாக அதில் கதைச் சுருக்கமும் நடிகர் பெயர்களும் இருக்கும். ‘த இன்சிடென்ட்’ காட்டிய மாலையில் தந்த தாளில் கதை இல்லை. ஒரு ரயில் பெட்டியின் வரைபடம் மட்டும்தான்: சுவரோடு ஒட்டி எதிரெதிரே நீண்ட ஆசனங்கள், கதவுகள், 16 வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் இலக்கம். கீழே, யார் யாரோடு வந்தவர் என்று ஆளுக்கொரு வரி. இந்த மலரை வாசிக்கும் எவரிடமாவது அந்தத் தாள் இன்னும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அந்தப் படத்துக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

படம் 1967இல் வந்தது. கறுப்பு வெள்ளை. இயக்கியவர் லாரி பியர்ஸ். நள்ளிரவுக்குப் பிறகு பிரொங்ஸ் பகுதியிலிருந்து மன்ஹாட்டன் நோக்கி ஓடும் நியூயோர்க் ரயில் ஒன்றில், ஏற்கெனவே ஒருவரை அடித்துப் பணம் பறித்துவிட்டு வரும் இரண்டு இளைஞர்கள் ஏறுகிறார்கள். பெட்டியில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து அவமதிக்கிறார்கள். எவராலும் இறங்க முடியவில்லை. கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் யார் எங்கே இருக்கிறார், யார் யாரைப் பார்க்கிறார், யார் பார்க்காதது போல இருக்கிறார் என்பதில் இருக்கிறது. அதனால்தான் அந்த வரைபடம்.

மண்டபத்தில் ஓடியது 16 மில்லிமீட்டர் பிரதி. அந்த அளவுப் பிலிம் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். 1600 அடிச் சுருள் ஒன்று 44 நிமிடம் தாங்கும். 107 நிமிடப் படத்துக்கு ஏறத்தாழ 3850 அடி வேண்டும், அதாவது மூன்று ரீல். ஒரே புரொஜெக்டர் என்றால் இரண்டு தடவை விளக்கைப் போட்டு ரீல் மாற்றத்தான் வேண்டும். பிலிமைக் கோக்கும்போது கேற்றுக்கு (விளக்கின் முன்னே ஒவ்வொரு படக் கட்டமும் நின்று போகும் இடம்) மேலும் கீழும் ஒவ்வொரு வளைவு விட வேண்டும். பல்சக்கரம் பிலிமை விடாமல் இழுக்கும். கேற்றிலுள்ள நகமோ ஒவ்வொரு கட்டமாக நிறுத்தி நிறுத்தி இழுக்கும். இந்த இரண்டு இழுவைக்கும் நடுவில் அந்த வளைவுதான் விட்டுக்கொடுக்கிறது. பிலிமின் ஓரத் துளை கிழிந்த இடம் வந்தால் வளைவு இறுகிவிடும், திரையில் படம் குதிக்கும். ஒலித்தடம் அதற்குரிய படத்தைவிட 26 கட்டம் முன்னால் பதிந்திருக்கும். செக்கனுக்கு 24 கட்டம் ஓடுவதால் அது ஒரு செக்கனுக்குச் சற்றுக் கூட. கீழ் வளைவின் அளவு பிழைத்தால் உதடும் சொல்லும் ஒட்டாது. வேறு படமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் படத்தில் பயமுறுத்தல் முழுவதும் பேச்சிலும் அதைக் கேட்பவர் முகத்திலும் நடக்கிறது. சொல் விழுந்த அதே கணத்தில் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். ஆகவே ஒலியை ஒட்ட வைப்பது இந்தப் படத்துக்குப் பாதி வேலை.

படத்தின் முதற் பகுதி பொறுமையாகவே நகரும். அவசரக்காரர் அங்கே சலித்துப்போவார்கள். அது பெரிய இழப்பு. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சோடி ஏறுகிறது, ஏறும்போதே தங்களுக்குள் ஒரு பூசலையும் கொண்டு வருகிறது. வாடகைக் காருக்குக் காசு கொடுக்க மனமில்லாத கணவன், மனைவி, தூங்கும் மகள். மகனைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டே வரும் வயோதிப யூதத் தம்பதி. ஜாக் கில்ஃபோர்டும் தெல்மா ரிட்டரும் நடித்தது. கணவனை மதிக்காத மனைவியும், ஆசிரியரான அந்தக் கணவனும். காதலியை அதட்டிப் பணிய வைக்கும் ஓர் இளைஞன். குடியை விட்டு வாழ்வை மீட்க நினைக்கும் ஒருவர். தனித்து நிற்கும் தன்பால் ஈர்ப்புள்ள ஒருவர். ப்ரொக் பீற்றர்ஸும் ரூபி டீயும் நடித்த கறுப்பினத் தம்பதி. விடுப்பில் வந்த இரண்டு படைவீரர். அதில் போ பிரிட்ஜஸ் நடித்த ஃபீலிக்ஸுக்கு ஒரு கை முழுதும் பிளாஸ்டர் கட்டு. ஆசனத்தில் நீட்டிப் படுத்துத் தூங்கும் ஒரு குடிகாரர். எண்ணிப் பாருங்கள், 16 பேர். குழந்தையையும் குடிகாரரையும் கழித்தால் விழித்திருக்கும் பெரியவர் 14 பேர். எதிரே நிற்பவர் இருவர் மட்டும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துப் பார்த்தால் எழுத்தின் திறமை விளங்கும். அந்த 14 பேரும் ஏறும்போதே பிரிந்து கிடக்கிறார்கள். பக்கத்திலிருப்பவரோடு மனத்தாங்கல், எதிரே இருப்பவரோடு அறிமுகமே இல்லை. டோனி முசான்டே நடித்த ஜோவும் மார்ட்டின் ஷீன் நடித்த ஆர்ட்டியும் புதிதாக ஒரு பிளவையும் உண்டாக்கவில்லை. இருந்த கீறலில் ஆப்பைச் செருகி அடிக்கிறார்கள். காதலியை அதட்டியவன் அவள் முன்னாலேயே வாயடைத்துப் போகிறான். கணவனை மதிக்காதவள் எல்லோர் முன்னிலையிலும் அவரை இன்னும் வெறுக்கிறாள். (ஷீனுக்கு இது முதல் திரைப்படம். முசான்டே இதே கதையின் தொலைக்காட்சி வடிவத்திலும் நடித்தவர்.)

ஜோவும் ஆர்ட்டியும் கையாளும் முறையையும் கவனிக்க வேண்டும். தொடங்குவது தூங்கும் குடிகாரரிடம். அவருக்காகப் பேச எவருமில்லை, அவருக்கே உணர்வில்லை. அந்தச் சீண்டலை மற்றவர்கள் பொறுத்துக்கொண்டால் அடுத்தவரிடம் போகலாம். ஒருவர் மறுத்துப் பேசினால் அவரே அடுத்த இலக்கு. எந்த நேரத்திலும் பெட்டி முழுவதையும் அவர்கள் மிரட்டுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு ஆள், கூடினால் ஒரு சோடி. மற்றவர்களுக்கு அந்த நேரம் ஆறுதலான நேரம்: பார்வை நம்மேல் இல்லை. அந்த ஆறுதலைக் கலைக்க எவரும் விரும்பாததால்தான் 14 பேர் இருவருக்கு அடங்குகிறார்கள். ப்ரொக் பீற்றர்ஸின் பாத்திரம் இதை இன்னும் ஆழமாகக் காட்டுகிறது. வெள்ளையர்கள் வதைபடுவதை அவர் முதலில் விருப்பத்தோடு பார்க்கிறார். போய்விடலாம் என்று கெஞ்சும் மனைவியையும் இருத்தி வைக்கிறார். பிறகு ஜோ அவர் பக்கம் திரும்புகிறான். பெருமிதத்தோடு இருந்த அந்த மனிதர் உடைந்துபோகும் காட்சி, படத்திலேயே தாங்க முடியாத காட்சி.

இனி அந்தப் பெட்டி. நியூயோர்க் போக்குவரத்து நிர்வாகம் படப்பிடிப்புக்கு அனுமதி தரவில்லை. நிலையங்களிலும் ஓடும் ரயிலிலும் தேவையான சில காட்சிகளை மறைத்து வைத்த கமராவால் எடுத்தார்கள். பெட்டியின் உட்புறத்தைப் பிரொங்ஸிலுள்ள பயோகிராஃப் ஸ்ரூடியோவில் கட்டினார்கள். மாதிரியாக எடுத்தது 1939 உலகக் கண்காட்சிப் பயணிகளுக்காக 1938இல் செய்யப்பட்ட பெட்டி வகை. அந்த வகைப் பெட்டிகள் ஏறத்தாழ 51 அடி நீளம், 9 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். கட்டிய பெட்டி அசையாது. வெளியே வரிசையாகத் தொங்கவிட்ட விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக எரியவிட்டு அணைத்தால், சன்னலில் ஒளி ஓடி ரயில் ஓடுவதாகத் தோன்றும். ஒளிப்பதிவாளர் ஜெரால்ட் ஹேர்ஷ்ஃபீல்ட்.

9 அடி அகலத்தில் இரண்டு பக்கமும் ஆசனம் போனால் நடுவில் மிஞ்சுவது ஓர் ஒடுங்கிய பாதை. எதிரே இருப்பவரின் முழங்கால் எட்டித் தொடும் தூரம். ஊர் ரயிலில் போல எல்லோரும் ஒரே திசை பார்த்து இருந்திருந்தால், முன்னால் நடப்பது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது, முதுகு காட்டியும் இருக்கலாம். இங்கே முதுகு சுவரில். ஒவ்வொருவரும் பார்வையாளர், அதே நேரம் மேடையிலும் இருப்பவர். மறைந்துகொள்ள ஒரே வழி கண்ணைத் தாழ்த்துவது. படம் முழுக்க தாழும் கண்களை எண்ணினால் கதை புரிந்துவிடும்.

பலர் இந்தப் படத்தைக் கிட்டி ஜெனோவீஸ் கொலையோடு இணைத்துப் பேசுவார்கள். 1964 மார்ச் 13இல் நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் அந்தப் பெண் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து, 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று நியூயோர்க் டைம்ஸ் எழுதியது. அது பெரிதும் மிகைப்படுத்தப்பட்ட செய்தி என்று பல ஆண்டு கழித்து அந்தப் பத்திரிகையே எழுதிவிட்டது. அது ஒருபுறம் இருக்க, காலக் கணக்கும் பொருந்தாது. இந்தப் படத்துக்கு மூலக்கதை, நிக்கலஸ் பேர் என்பவர் எழுதிய தொலைக்காட்சி நாடகம். அது ஒளிபரப்பானது 1963இல். கொலைக்கு முந்தியது. திரைப்படம் வந்தபோது பார்த்தவர்கள் மனதில் அந்தக் கொலை இருந்திருக்கும். எழுதியவர் மனதில் அது இருந்திருக்க முடியாது.

அந்தக் கொலைச் செய்தியால் தூண்டப்பட்டுப் பிப் லத்தானே, ஜோன் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 1968இல் வெளிவந்தது. பக்கத்து அறையில் ஒருவர் வலிப்பால் துடிப்பது ஒலியாகக் கேட்கும். தான் ஒருவர் மட்டுமே கேட்கிறேன் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அந்த ஒலி ஓயுமுன் உதவி தேடினார்கள். தன்னோடு இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் மட்டுமே. உதவி செய்யுமுன் ஒருவர் ஐந்து படி ஏற வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள்: கவனிப்பது, ஆபத்து என்று உணர்வது, இது என் பொறுப்பு என்று ஏற்பது, என்ன செய்யலாம் என்று அறிவது, செய்வது. இந்தப் படிகளோடு படத்தைப் பாருங்கள். கவனிக்காமல் இருக்க எவராலும் முடியாது. ஆசன அமைப்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவது படியில் ஜோ சிரித்துப் பேசிக் குழப்புகிறான். பகிடியா, மிரட்டலா என்று புரியுமுன் நேரம் போய்விடுகிறது. மூன்றாவது படியில் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள்.

ஆனால் ரயிலில் வந்தவர்கள் எப்போதும் கல்லாக இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. படம் வந்து ஒரு வருடத்தில், 1968இல், அதே நகரத்து ரயிலில் நிஜமாகவே ஒரு சோதனை நடந்தது. 59ஆம் தெருவுக்கும் 125ஆம் தெருவுக்கும் இடையே ஏழரை நிமிடம் நிற்காமல் ஓடும் தடம். ஒரு மாணவர் நிலைகுலைந்து விழுவார். ஊன்றுகோலோடு விழுந்தபோது 65 தடவையில் 62 தடவை பயணிகள் தாமாக உதவினார்கள். மதுவாடையோடு விழுந்தபோது 38இல் 19 தடவை. 2019இல் வெளியான இன்னோர் ஆய்வு மூன்று நாட்டு நகரங்களின் கண்காணிப்புக் கமராப் பதிவில் 219 தெருச் சண்டைகளைப் பார்த்தது. பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது குறுக்கிட்டிருந்தார். ஆகவே படத்திலுள்ள பெட்டி சராசரிப் பெட்டி அல்ல. உதவி முளைக்கக்கூடிய ஒவ்வோர் இடத்தையும் எழுதியவர் தேடித்தேடி அடைத்த பெட்டி. அப்படிப் பார்க்கும்போதுதான் அதன் தச்சுவேலை தெரிகிறது.

பழைய மாணவர் சங்கக் கிளைகள் எவையேனும் இதைத் திரையிட விரும்பினால் சில சொல்ல வேண்டும். வரைபடத் தாளைத் திரையிடுமுன் கொடுங்கள். பேச்சுவழக்கு வேகமானது, முதற் பகுதியில் யார் யாரென்று தவறவிட்டால் பிற்பகுதி வெறும் கூச்சலாகிவிடும். இன்று ரீல் மாற்றத் தேவையில்லை, ஆனாலும் 44ஆவது நிமிடத்தில் நிறுத்தி விளக்குப் போடுங்கள். வரைபடத்தில் எந்த வட்டம் முதலில் எழும் என்று பார்ப்பவர்களைப் புள்ளடி போடச் சொல்லுங்கள். அன்று எங்கள் மண்டபத்தில் பெரும்பாலானோர் புள்ளடி போட்டது வயதில் மூத்தவருக்கோ உடல் வலுவுள்ளவருக்கோதான். அவசரச் சங்கிலியை ஏன் இழுக்கவில்லை என்று எவராவது கேட்பார்கள். இழுத்தால் ரயில் இரண்டு நிலையத்துக்கு நடுவே நிற்கும். பொலிஸ் வரும் நேரம் கூடும், கதவு திறக்கும் நேரம் தள்ளிப்போகும்.

எழுவது ஃபீலிக்ஸ். ஜோ தூங்கும் குழந்தையின் பக்கம் திரும்பும்போது, ஒரு கை கட்டுப்போட்ட அந்தப் பையன் எழுகிறான். பிளாஸ்டர் கட்டாலேயே அடிக்கிறான். கத்திக் குத்து வாங்குகிறான். சுகமான இரண்டு கையோடு இருந்த நண்பன், எல்லாம் முடிந்த பிறகே பக்கத்தில் வருகிறான். ஃபீலிக்ஸ் அவனிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எங்கே இருந்தாய்?

ரயில் நிலையத்துக்கு வந்து கதவு திறக்கிறது. பொலிஸ் ஏறியதும் எவரையும் விசாரிக்காமல் முதலில் பிடிப்பது ப்ரொக் பீற்றர்ஸை. பிறகு ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். தாளில் 16ஆம் இலக்க வட்டத்துக்கு எதிரே ‘தூங்குபவர்’ என்று மட்டும் எழுதியிருந்தது. அவர் இப்போது தரையில் கிடக்கிறார். மற்றவர்கள் அவரைத் தாண்டிக் கால் வைத்து வெளியே போகிறார்கள்.