தாத்தாவின் பட்டாளத்துக் கதையைப் பதிவு செய்யப் போகிறீர்களா?

இரண்டாம் உலகப் போரில் சிலோன் கரிசன் ஆர்ட்டிலரி (பீரங்கிப் படை), சிலோன் லைட் இன்ஃபன்ட்ரி (காலாட்படை) படைப்பிரிவுகளில் இருந்தவர்களின் நினைவுகளைத் தொகுக்கும் கொழும்பு நண்பர்களுக்கு:

"எந்த வருஷம்?" என்று தொடங்க வேண்டாம். வருஷம் குழம்பும், குழம்பினால் ஆள் கதைப்பதையே நிறுத்திவிடுவார். "உயிர்த்த ஞாயிறு குண்டு போட்டதற்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள். ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று; திருகோணமலையில் ஏப்ரல் 9. இந்த இரண்டு நாளையும் பிடித்துக்கொண்டால் மிச்சம் தானாக வரிசைக்கு வரும். "பயமாக இருந்ததா?" என்றால் ஒரே சொல்லில் முடிந்துவிடும். பீரங்கிக்கு எத்தனை பேர், குண்டை யார் தூக்கினது, சாப்பாடு எதில் வந்தது என்று கேளுங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சல் குரலை விழுங்கிவிடும். போனை ஃபிளைட் மோடில் போட்டு, மடித்த துவாயின் மேல் வையுங்கள். முக்கால் மணி நேரம் போதும்.

பழைய அல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்கவே கூடாது, லாமினேட்டும் பண்ணாதீர்கள். பக்கத்தோடு 600 டிபிஐயில் ஸ்கேன் எடுங்கள். தனியாக உள்ள படம் என்றால் பின்பக்கமும் வேண்டும், ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் அங்கேதான் இருக்கும்.

ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் அவரவர் பெயரில் போடுங்கள். ஒன்றாகக் கலந்தால் யாருமே சொல்லாத மூன்றாவது கதை உருவாகிவிடும்.

1942 மே கொக்கோஸ் தீவுக் கலகம் (அங்கே காவலுக்கு இருந்த சிலோன் கரிசன் ஆர்ட்டிலரி சிப்பாய்கள் சிலர் தங்கள் அதிகாரிகளுக்கு எதிராக எழுந்தது) பற்றிப் பேச்சு வந்தால், குடும்பத்தாரின் எழுத்துமூல அனுமதி கிடைக்கும்வரை அந்தப் பகுதியை வெளியிடாதீர்கள்.